சங்குமுகமும் இரத்மலானையும்

1935 நவம்பர் முதல் தேதி திருவிதாங்கூரின் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய விமானம் திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்குக் கிளம்பியது. டாடா நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் அது. மரச்சட்டமும் இரட்டை இறக்கையும் கொண்ட அந்த விமானத்தில் பயணிகள் மூன்று நான்கு பேர் மூடிய அறைக்குள் நெருங்கி உட்காரலாம்; விமானிக்கு அவர்களுக்குப் பின்னால் திறந்தவெளி இருக்கை. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். மகாராஜா சித்திரைத் திருநாளுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, வின்சென்ட் வந்து இறங்கியபோதே தபாலோடு வந்திருந்தது. சங்குமுகம் கடற்கரைப் பக்கத்துத் திடல் அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் உருவாகியிருந்தது.

அதே மாதம் 27-ஆம் தேதி கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ அதை ஓட்டி வந்தார். இடையிலிருக்கும் கடலின் இரு கரைகளிலும் ஒரே மாதத்தில் வானவழி திறந்திருக்கிறது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். கொழும்போ 370 கிலோமீட்டர் அளவுதான். திருவிதாங்கூரிலிருந்து அந்நாளில் பிழைப்புத் தேடி கொழும்புக்குப் போனவர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் போன பாதை மிக நீளமானது. கிழக்கே பாண்டி நாட்டைக் கடந்து தனுஷ்கோடி சேர்ந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயிலேற வேண்டும். வானத்தில் இவ்வளவு சுற்றத் தேவையில்லாத இந்த இரு நகரங்களுக்கும் ஒரே வேளையில் விமானம் வந்தும், இரு கரைகளிலும் வளர்ந்த விமான நிறுவனங்கள் இரு வேறு கதிகளை அடைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரண்டும் பறந்தது ஒரே ரக விமானத்தில். விமானிகளிலும் பலர் அதே போரிலிருந்து வந்தவர்கள். வேறுபாட்டை நான் தரையில்தான் காண்கிறேன். தனக்குக் கீழே இருக்கும் நாடு தினமும் எதை ஏற்றி அனுப்பத் தயாராக இருந்தது என்பதே ஒரு விமான நிறுவனத்தின் ஆயுளைத் தீர்மானித்தது.

டாடாவின் சேவை பயணிகளை நம்பித் தொடங்கியதல்ல. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தது தபாலை. பம்பாயில் அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனவரும் இதே வின்சென்ட்தான். அரசிடம் மானியம் கேட்கவில்லை. தபாலைச் சுமக்கும் கூலி போதும் என்றார்கள். முதலாண்டில் 1,60,000 மைல் பறந்து அவர்கள் ஏற்றிய பயணிகள் 155 பேர் மட்டுமே. ஆனால் ஏறத்தாழ 10 டன் தபால் போயிற்று. 60,000 ரூபாய் லாபமும் வந்தது. அவர்களுடைய ஜூஹு திடல் மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். அப்போது தட்டுமுட்டுகளை அள்ளிக்கொண்டு புனேவுக்குப் போய், அங்கிருந்து பறப்பார்கள். ரேடியோ வழிகாட்டல் இல்லை, கான்கிரீட் ஓடுதளம் இல்லை. ஆனால் தபால் மட்டும் வேளை தவறாமல் போய்ச் சேர்ந்தது. அந்த ஒழுங்குதான் நிறுவனத்தின் மூலதனம் என்பேன்.

திருவனந்தபுரம் வழி இதற்குப் பொருத்தமானது. திருவிதாங்கூருக்குச் சொந்தமாக அஞ்சல் துறை இருந்தது. கையில் மணி கட்டிய கோலோடு ஓடிய அஞ்சலோட்டக்காரர்களின் வலைப்பின்னல் ஊர் ஊராக விரிந்திருந்தது. விமானம் வந்தபோது அதன் வயிற்றை நிரப்பக் கடிதங்கள் தயாராக இருந்தன.

கொழும்புக்கு முதலில் முறையான சேவை நடத்தியதும் டாடாதான். 1938-ல் கராச்சி–சென்னைப் பாதை திருச்சி வழியாக இரத்மலானை வரை நீண்டது. பிறகு போர். அப்போதுதான் இலங்கையின் இருப்பிடம் எவ்வளவு விலைமதிப்பானது என்று உலகத்துக்குத் தெரிந்தது. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பின், 1943 முதல் குவாண்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா நீர்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து தென்னிலங்கையின் கொக்கலை ஏரிக்கு இடைநில்லாமல் பறந்தன. காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி நேரம் வரை ஆகும். பயணிகள் வானத்திலேயே இரண்டு சூரியோதயம் கண்டார்கள். ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கோட்டில் இலங்கை ஒரு தங்குமடம். ஏர் சிலோனின் பலமும் பலவீனமும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தன.

1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் போனது. போக்குவரத்து அமைச்சர் ஜோன் கொத்தலாவலையின் முனைப்பில் பிறந்த நிறுவனம் அது. அதனிடம் இருந்தவை மூன்று டகோட்டா விமானங்கள். சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அவற்றுக்குப் பெயர். போர் முடிந்து மலிவாகக் கிடைத்த அதே டகோட்டாவில்தான் டாடாவின் வாரிசான ஏர் இந்தியாவும் சென்னை, பெங்களூர், கொச்சி என்று திருவனந்தபுரம் வரை பறந்துகொண்டிருந்தது. 1949 டிசம்பரில் ஏர் சிலோனின் ஒரு டகோட்டா திருச்சியில் இறங்கும்போது விபத்துக்குள்ளானது. நல்லவேளையாக ஒருவரும் உயிரிழக்கவில்லை. ஆனால் அந்த ஒரு விமானம் போவது கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு போவது. 1953-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கையில் 99 விமானங்கள் இருந்தன, அவற்றுள் 74 டகோட்டாக்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று வரும். சிறிய நிறுவனத்துக்கு அந்த ஆறுதல் கிடையாது.

இரு நாடுகளும் நெடுந்தூரம் பறக்க ஆசைப்பட்டபோது எடுத்த முடிவுகள்தான் இந்த ஒப்பீட்டின் மையம். 1948-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் பிறந்தது. அதில் இந்திய அரசுக்கு 49 சதவீதம்; வேண்டும்போது இன்னும் 2 சதவீதம் வாங்கிப் பெரும்பான்மை பெறும் உரிமையும் அரசிடம் இருந்தது. அவ்வாண்டு ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. அடுத்த ஆண்டே ஏர் சிலோனும் லண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தது. அங்கும் ஒரு 49 சதவீதம் இருந்தது. ஆனால் அது ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் என்ற வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் பங்கு. நெடுந்தூரப் பாதைகளில் பறந்த ஸ்கைமாஸ்டர் விமானங்களும் அவர்கள் கொண்டுவந்தவையே.

அந்த நிறுவனம் கொழும்பைத் தேடி வந்ததன் காரணம் எளிது. அதன் சொந்த நாட்டில் வெளிநாட்டுப் பாதைகள் அரசின் குவாண்டாஸ் கையில் இருந்தன. 1944-ன் சிக்காகோ மாநாட்டுக்குப் பிறகு எந்த நாட்டு விமானம் எங்கே இறங்கலாம் என்பது அரசுகள் பேசித் தீர்க்கும் விஷயமாகிவிட்டது. இலங்கைக்கு இறங்கும் உரிமை இருந்தது, விமானமில்லை. அவர்களுக்கு விமானம் இருந்தது, உரிமையில்லை. இருவருக்கும் பொருந்திய ஒப்பந்தம்தான். ஆனால் கணக்கு இடித்ததும் கூட்டாளி விலகினார். இலங்கையின் நெடுந்தூரச் சேவை நின்றுபோனது. 1956-ல் டச்சு நிறுவனமான கே.எல்.எம். வந்தது. 1960-களில் பிரிட்டிஷ் நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட், பிறகு பிரெஞ்சு நிறுவனமான யூ.டி.ஏ. ஒவ்வொரு முறையும் விமானம் இரவல். விமானத்தின் மேல் எழுதிய பெயர் மட்டும் சொந்தம்.

இதற்காகக் கொழும்பில் முடிவெடுத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் ஓர் இரவில் போய்விடலாம். அவ்வளவு சின்ன நாட்டில் உள்நாட்டுப் பாதையை வைத்து ஒரு விமான நிறுவனத்துக்குச் சோறு போட முடியாது. வேறெந்த வழியும் அவர்களுக்கு எளிதில் திறந்திருக்கவில்லை.

இந்தியப் பக்கம் எல்லாம் சீராக நடந்ததாகவும் எண்ண வேண்டாம். போர் முடிந்ததும் உரிமங்கள் தாராளமாக வழங்கப்பட்டன. பாதைகளில் கூட்டம் கொள்ளாத அளவுக்கு நிறுவனங்கள் பெருகின. பல நட்டத்தில் மூழ்கின. 1950 நவம்பர் 3 அன்று மலபார் பிரின்சஸ் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்கில் மோதியதில் 48 பேரும் இறந்தார்கள். 1953 ஆகஸ்ட் முதல் தேதி எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு அரசுடைமை ஆயின. டாடாவுக்கு அதில் ஆழ்ந்த வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன்; இருந்தாலும் சிதறிக் கிடந்த டகோட்டாக்கள் ஒரு குடையின் கீழ் வந்திராவிட்டால், திருவனந்தபுரம் போன்ற கடைக்கோடி ஊருக்கு நட்டத்தைத் தாங்கி எவர் பறந்திருப்பார்?

இத்தனை தடுமாற்றங்களையும் தாங்கவைத்த அடித்தளம் மறுபடியும் தபால்தான். 1949 ஜனவரி இறுதியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நாக்பூரில் கூடும். பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பும். அவ்வாண்டு ஏப்ரல் முதல், விமானத்தில் போனால் சீக்கிரம் சேரும் உள்நாட்டுக் கடிதத்துக்கும் அஞ்சலட்டைக்கும் கூடுதல் கட்டணம் கிடையாது என்று ஆயிற்று. 1951-ல் திருவிதாங்கூர் அஞ்சல் துறை இந்தியத் தபாலோடு இணைந்ததும் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களின் கடிதங்கள் முழுக்க இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன.

எல்லையூர்களில் டகோட்டாவில் ஏறியவர்கள் மிகச் சிலர். கூலிவேலை செய்தவர்களுக்கு அந்தக் கட்டணம் எட்டாத உயரம். பாறசாலையைத் தொட ரயிலே 1979-ல்தான் வந்தது. ஆனால் நெய்யாற்றின்கரையில் போட்ட அஞ்சலட்டை, டெல்லியில் பட்டாளத்தில் இருந்த மகனுக்கு ஆகாய வழியே போயிற்று. 1956 நவம்பரில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தபோதும் இந்த ஏற்பாடு குலையவில்லை. கொழும்பில் இருந்த உறவுக்கு எழுதியவர்களின் நிலைமை வேறு. இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949-ல் நடைமுறைக்கு வந்து, அதுவரை தாராளமாகப் போய்வந்தவர்களிடம் கடவுச்சீட்டும் விசாவும் கேட்டது. அவர்கள் கடிதம் விமானத்தில் போக வேண்டுமானால் வெளிநாட்டுக் கட்டணத்துக்குத் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. கொழும்பின் தொலைவு டெல்லியின் தொலைவில் ஆறிலொரு பங்குகூட இல்லாதபோதும்.