குழந்தைகளின் கல்லீரல் மாற்றத்தில் குருதிக்குழாய்ச் சிக்கல்கள்

உயிருள்ள கொடையாளரிடமிருந்து பெற்ற கல்லீரல் பகுதியைக் குழந்தைக்குப் பொருத்திய பின், இணைக்கப்பட்ட குருதிக்குழாய்களில் தோன்றும் அடைப்பும் குறுக்கமும் குருதிக்குழாய்ச் சிக்கல்கள் எனப்படுகின்றன. இவை மாற்றுக் கல்லீரலின் இழப்புக்கும் உயிரிழப்புக்கும் காரணமாகலாம் என்பதால் விரைந்து கண்டறியப்பட வேண்டியவை ஆகும்.

பின்னணி

இம்முறையிலான முதல் வெற்றிகரமான அறுவை சிகிச்சையை 1989 இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரசல் ஸ்ட்ராங் செய்தார். பெரும்பாலும் பெற்றோரின் கல்லீரலிலிருந்து இடப்புறத்தின் சிறு பகுதி எடுக்கப்படுகிறது. அப்பகுதியுடன் கிடைக்கும் குருதிக்குழாய்கள் குட்டையானவை. தமனியின் விட்டம் சில மில்லிமீட்டரே இருக்கும். இதனால் அவற்றை இணைப்பது கடினமாகிறது. 1990களில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நுண்ணோக்கியின் துணையுடன் தமனியைத் தைக்கும் முறை பின்பற்றப்பட்டது.

வகைகள்

கல்லீரல் தமனி உறைவு: தமனியில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வது. மாற்றுக் கல்லீரலின் பித்தநாளங்கள் குருதிக்குத் தமனியையே நம்பியுள்ளன. எனவே அடைப்பு ஏற்பட்டால் அவை அழுகிப் பித்தக் கசிவும் சீழ்க்கட்டியும் உண்டாகலாம்.

வாயிற்சிரைக் குறுக்கம், உறைவு: பிறவிப் பித்தநாள அடைப்பு நோயுள்ள குழந்தைகளில் வாயிற்சிரை பெரும்பாலும் மெலிந்திருப்பதால் இவ்வாய்ப்பு மிகுகிறது. பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். மண்ணீரல் வீக்கம், குருதித் தட்டுகள் குறைதல், குருதி வாந்தி ஆகியவை அறிகுறிகள்.

கல்லீரல் சிரை அடைப்பு: குருதி வெளியேறும் வழி தடைப்படுவது. கல்லீரல் பகுதி வளரும்போது இடம் பிறழ்ந்து சிரை முறுக்கிக்கொள்வதும் ஒரு காரணம். வயிற்றில் நீர் கோர்த்தல் இதன் முதன்மை அறிகுறி.

கண்டறிதல்

தொடக்கநிலைத் தமனி உறைவு வெளிப்படையான அறிகுறியின்றியும் இருக்கலாம். ஆகவே அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் டாப்ளர் மீயொலிச் சோதனை அடிக்கடி செய்யப்படுகிறது. ஐயமிருப்பின் குருதிக்குழாய்களைக் காட்டும் சிடி வருடல் எடுக்கப்படும்.

சிகிச்சை

தமனி உறைவு உடனே அறியப்பட்டால் மீண்டும் அறுவை செய்து உறைகட்டியை நீக்கித் தமனியைப் புதிதாக இணைக்கலாம். தாமதமானால் மறு கல்லீரல் மாற்றம் தேவைப்படலாம். சிரைக் குறுக்கங்களைத் தோல் வழியாகச் செலுத்தும் பலூன் மூலம் விரிக்கலாம். மீண்டும் குறுகினால் ஸ்டென்ட் பொருத்தப்படும். உறைவைத் தடுக்க எப்பாரின், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் பல மையங்களில் வழங்கப்படுகின்றன. சிரைக் குறுக்கம் பிற்காலத்திலும் தோன்றக்கூடும் என்பதால், நலமாகத் தெரியும் குழந்தைக்கும் நீண்டகாலக் கண்காணிப்பு தேவைப்படுகிறது.