கேட்டுட்டு எழுது, எழுதிட்டு சொல்லு

வி.எஸ். கோட் திறந்தா இடது பக்கம் கிளை பிரியிற மாதிரி ஒரு சின்ன ஐகான் இருக்கும். அதுதான் சோர்ஸ் கன்ட்ரோல். அங்க கமிட், அப்புறம் புஷ். ரெண்டு க்ளிக்ல நம்ம எடிட்டர் டீம் சர்வரோட பேசி முடிச்சிடும். இது எப்பவுமே இவ்வளவு ஈஸியா இருந்ததில்லை. அதைவிட முக்கியம், பேசுற தொனியே வேறயா இருந்தது. அன்னைக்கு எடிட்டர் சர்வர்கிட்ட அனுமதி கேட்டுச்சு. இன்னைக்குத் தகவல் சொல்லுது. அந்த மாற்றத்தோட கதைதான் இந்த எபிசோடு.

1972-ல, பெல் லேப்ஸ்ல மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். எழுதுறார். பத்து வருஷம் கழிச்சு பர்டியூ பல்கலைக்கழகத்துல வால்டர் டிஷி ஆர்.சி.எஸ். கொண்டு வர்றார். ரெண்டுலயும் விதி ஒண்ணுதான். ஃபைலை எடுத்தா வாசிக்க மட்டும்தான் கிடைக்கும். திருத்தணும்னா லாக் போடணும். நீங்க லாக் போட்டா மத்தவங்க காத்திருக்கணும். லைப்ரரில ஒரே ஒரு காப்பி இருக்கிற புத்தகம் மாதிரி.

1990-களின் தொடக்கத்துல எரிக் ரேமண்ட் ஈமேக்ஸ் எடிட்டருக்கு வி.சி. மோட் எழுதினார். எடிட்டரை விட்டு வெளியே வராமலே லாக் எடுக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். வேலை சுலபமாச்சு. ஆனா விதி மாறல: முதல்ல கேளு, அப்புறம் எழுது.

அடுத்து விண்டோஸ் உலகம். 1994-ல ஒன் ட்ரீ சாஃப்ட்வேர்ங்கிற சின்ன கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்குது. அவங்க தயாரிப்புதான் சோர்ஸ்சேஃப். இதுல வேடிக்கை என்னன்னா, சர்வர்னு தனியா ஒரு புரோகிராமே கிடையாது. நெட்வொர்க்ல ஒரு ஷேர்டு ஃபோல்டர். ஒவ்வொருத்தர் மெஷினும் நேரா அதுக்குள்ள போய் எழுதும். எழுதும்போது நெட்வொர்க் அறுந்தா டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். ஃபைலை செக்-அவுட் பண்ணவர் லீவுல போயிட்டா அட்மினைத் தேடி ஓடணும்.

இதே காலத்துல எடிட்டரையும் சோர்ஸ் கன்ட்ரோலையும் இணைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு பொது இன்டர்ஃபேஸ் வெச்சது. பேரு எம்.எஸ்.எஸ்.சி.சி.ஐ. எந்தக் கம்பெனியோட சோர்ஸ் கன்ட்ரோலையும் விஷுவல் ஸ்டுடியோல செருகிக்கலாம், பிளக் பாயிண்ட் மாதிரி. ஆனா அந்த இன்டர்ஃபேஸ்ல இருந்த முக்கியமான ஃபங்ஷன்கள் என்ன? செக்-அவுட், செக்-இன், செக்-அவுட்டை ரத்து பண்றது. அதாவது, அனுமதி கேட்கிற பழக்கம் அந்த பிளக்கோட வடிவத்துலயே இருந்தது.

2006-ல டீம் ஃபவுண்டேஷன் சர்வர் வந்தது. இது உண்மையான சர்வர். பின்னால எஸ்.க்யூ.எல். சர்வர், பேச்சு ஹெச்.டி.டி.பி. வழியா. ஷேர்டு ஃபோல்டர் தலைவலி போச்சு. ஆனாலும் உங்க டிஸ்க்ல ஃபைல்கள் ரீட்-ஒன்லி. ஒரு எழுத்து தட்டினா, எடிட்டர் முதல்ல சர்வருக்குச் சொல்லும். ரயில்ல, நெட் இல்லாம வேலை பார்க்கிறது பெரிய அவஸ்தை.

இன்னொரு சிக்கல்: எக்லிப்ஸ்ல ஜாவா எழுதுறவங்க இந்த சர்வரோட எப்படிப் பேசுறது? சோர்ஸ்கியர்ங்கிற கம்பெனி டீம்பிரைஸ்னு ஒரு பிளக்-இன் வித்துட்டு இருந்தது. 2009-ல மைக்ரோசாஃப்ட் அந்த பிளக்-இன்னையே வாங்கிடுச்சு. டீம்ல எல்லாரும் ஒரே எடிட்டர்தான் வெச்சிருப்பாங்கன்னு இனி நம்ப முடியாதுன்னு அவங்களுக்கே புரிஞ்சிருந்தது.

இதுக்கு நடுவுல, 2005 ஏப்ரல்ல லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதிட்டார். முழு வரலாறும் உங்க லேப்டாப்லயே இருக்கும். லாக் இல்லை, யாரையும் கேட்க வேண்டாம். எழுதி முடிச்சு, தோணும்போது சர்வருக்குச் சொல்லு. இந்தப் பழக்கம் பரவ, மைக்ரோசாஃப்ட்டும் இறங்கி வந்தது. 2012-ல லோக்கல் வொர்க்ஸ்பேஸ்: ரீட்-ஒன்லி தொல்லை ஒழிஞ்சது. 2013 ஜனவரில, தங்கள் சர்வர்லயே கிட் வரும்னு அறிவிப்பு. 2015-ல வி.எஸ். கோட் அறிமுகமானபோது கிட் உள்ளேயே இருந்தது.

கதை இங்க முடியல. விண்டோஸோட கோடையே கிட்டுக்கு மாத்தினப்போ, ஏறக்குறைய 35 லட்சம் ஃபைல், 300 ஜி.பி. ஒரு லேப்டாப்புக்கு இது தாங்காது. 2017-ல வெளியே சொன்ன அவங்க தீர்வு: ஃபைலைத் திறக்கும்போதுதான் சர்வர்ல இருந்து இறங்கும். சர்வரை விட்டு விலகிப் போன கிட், சுத்தி வந்து மறுபடியும் சர்வர்கிட்டயே கை நீட்டுச்சு.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு? ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு, அன்னைக்கு செக்-இன் பண்ணா வேலை சர்வருக்குப் போயாச்சுன்னு அர்த்தம். இன்னைக்கு கமிட் பண்ணா அது உங்க லேப்டாப்லதான் இருக்கு. புஷ் பண்ணாம லேப்டாப் செத்தா, கமிட்டும் கூடவே போயிடும். ரெண்டாவது, லாக் தொல்லைதான், ஆனா அது ஒரு செய்தியும் சொல்லிச்சு: "இந்த ஃபைல்ல இன்னொருத்தர் வேலை பார்க்கிறாங்க." இப்போ அதைச் சொல்ல யாருமில்லை. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தப்புறம்தான் தெரியுது. டூல் செஞ்ச அந்த வேலை இப்போ நம்ம தலையில. அதனால பெரிய ஃபைல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, டீம் குரூப்ல ஒரு வரி போட்டுடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.