சிவாலய ஓட்டமும் மாசி வெயிலும்

பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களுக்குட்பட்டிருந்த 12 சிவாலயங்களை மகாசிவராத்திரியை ஒட்டி வெறுங்காலுடன் ஓடியும் நடந்தும் தரிசிப்பது சிவாலய ஓட்டமாகும். முன்னாள் மாலை முஞ்சிறைத் திருமலையிற் புறப்படும் அடியார்க்கு இரவுப் பனி பெரும் இடரன்று. மறுநாள் நண்பகல் வெயிலே சோதனை. பண்டை மண்வழியினும் இன்றைய தார்ச்சாலை கொடிது. ஆயினும் அதனைத் தாங்கும் வகையை மரபே வகுத்து வைத்துளது. ஆலயந்தோறும் நீராடி ஈர உடையுடன் வணங்குதல் வழக்கம். திக்குறிச்சியில் தாமிரபரணியும், திற்பரப்பிற் கோதையாறும் அதற்குத் துணை. கையிலுள்ள பனையோலை விசிறி இறைவனுக்கு வீசற்குரியது. வழியில் அடியார்க்கும் காற்றளிக்கும். அதனைக் குற்றமென்பார் யார்? ஊரார் வழங்கும் மோரும் பானகமும் அர்ச்சனைக்குக் குறைந்தனவல்ல என்பது எம் கருத்து. ஓட்டம் நிறைவுறுவது திருநட்டாலத்துச் சங்கரநாராயணர் திருமுன்பு. சிவனைக் காண ஓடுவோர் வழியெல்லாம் 'கோவிந்தா, கோபாலா' என முழங்கியதன் பொருள் ஆண்டு விளங்கும்.