மௌன மடத்தின் மது

மௌன விரதம் பூண்ட சாமியார்களை நாம் பார்த்திருக்கிறோம். மடியில் ஒரு சிலேட்டுப் பலகையை வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு எழுதிக் காட்டும் பெரியவர்கள் நம் பக்கத்தில் அபூர்வம் அல்ல. ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்ட துறவிகள் இருபது முப்பது பேர் ஒரே மதிலுக்குள் வாழ்கிறார்கள், விடியுமுன் எழுந்து ஜபம் செய்கிறார்கள், மாமிசத்தை விலக்குகிறார்கள், பிறகு அதே மதிலுக்குள், நூற்றுக்குப் பத்துப் பங்கு சாராயச் சத்துள்ள பீரைக் காய்ச்சுகிறார்கள் என்றால், நமக்குத் தூக்கிவாரிப் போடத்தானே செய்யும்? எனக்கும் போட்டது. அதனால்தான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, குடித்தும் பார்த்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பெல்ஜியம் தேசத்தின் மேற்கு மூலையில் ஈப்பர் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. முதல் மகாயுத்தத்தில் தரைமட்டமாகிப் பின்பு கல் கல்லாகத் திரும்பக் கட்டிய ஊர். அங்கே மெனின் வாயில் என்னும் நினைவு மண்டபத்தில், கல்லறை தெரியாமல் போன வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. அவற்றைப் பார்க்கத்தான் நான் போனேன். இதே ஊரில் 1912-ல் பிறந்த ஒருவர் பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போது அவர் காத்திருக்கட்டும்.

அங்கே எஞ்சினீயராக இருக்கும் என் கல்லூரி நண்பன் மறுநாள் காலையில் காரை எடுத்தான். பாப்பரிங்கே என்ற ஊரைத் தாண்டியதும் இரு மருங்கிலும் நெட்டையான கழிகளும், கம்பிகளும், அவற்றில் படர்ந்த பச்சைக் கொடிகளும் தென்பட்டன. நம் ஊர் வெற்றிலைக் கொடிக்கால் ஐரோப்பாவுக்கு எப்படி வந்தது என்று ஒரு கணம் மயங்கினேன். அது ஹாப்ஸ் கொடி. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் கொடுத்து, கெடாமலும் காப்பது அதன் பூதான். கொடித் தோட்டங்களைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போனால் வெஸ்ட்வ்ளேடரன். அங்கே புனித ஸிக்ஸ்டஸ் மடம். மடத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். எதிரே ஒரு காப்பிக் கடை இருக்கிறது. 'இன் டெ வ்ரேட' என்று பெயர். 'சமாதானத்தில்' என்று அர்த்தம். மடத்துப் பீர் அங்கே கிடைக்கும்.

நண்பன் பன்னிரண்டு என்றான். பன்னிரண்டு புட்டியோ என்று பயந்து போனேன். பீரின் பெயரே 12 தானாம். அது சாராயச் சதவீதமும் அன்று, சதவீதம் 10.2. சாதாரணப் பீரில் 5 இருந்தால் அதிகம். அன்று அந்தப் புட்டியில் லேபிள் இருக்கவில்லை. மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் வகை தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: 12-க்கு மஞ்சள், 8-க்கு நீலம், பொன்னிறப் பீருக்குப் பச்சை. பரிசாரகர் அகன்ற வாயுள்ள காலுயர்ந்த கிண்ணத்தில், சாய்த்து மெதுவாக ஊற்றினார். கோயில் பாத்திரம் போல இருந்தது அந்தக் கிண்ணம். புட்டிக்குள்ளேயே மறுபடி நொதிக்க விடுவதால் அடியில் வண்டல் தங்குமாம்; அதைக் கலக்காமல் நிறுத்திவிட்டார்.

நான் ஐஸ் கேட்கவிருந்தேன். நண்பன் என் தொடையைக் கிள்ளினான். இந்த வகைப் பீரை 12 முதல் 16 டிகிரி வரையில்தான் அருந்த வேண்டும். குளிர்ந்தால் மணம் உறங்கிவிடும் என்பது அவர்கள் சாஸ்திரம். முதலில் நிறத்தைப் பார்க்கச் சொன்னான். கறுப்புக் காப்பி போலத் தெரிந்தது, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது மாணிக்கச் சிவப்பாக மாறிற்று. மேலே பழுப்பு நுரை. பிறகு முகர்ந்தேன். கிஸ்மிஸ், அத்திப்பழம், கருகப்போகும் தறுவாயில் இறக்கிய கருப்பட்டிப் பாகு, எங்கோ தூரத்தில் ரொட்டிக் கடையின் வாசனை. வாயில் வைத்ததும் முதலில் இனிப்பு, நடுவில் அதிமதுரம் போன்ற ஒரு கனம், விழுங்கிய பிறகு மெல்லிய கசப்பு. அப்புறம் மார்புக்குள் ஒரு கணப்பு மூண்டது. திராட்சை மதுவைச் சோதிப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீர்ச் சோதனையில் விழுங்கினால்தான் மதிப்பெண் போட முடியும், கசப்பின் கடைசிப் பாகம் தொண்டையில்தான் தெரியும் என்று நண்பன் சமாதானம் சொன்னான்.

"உலகத்திலேயே ஒசத்தி என்கிறார்களே, நீ என்னப்பா சொல்கிறாய்?" என்று கேட்டான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதைக் காய்ச்சியவர்கள் யார் என்று தெரியாமல் மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்டிடமிருந்து தொடங்க வேண்டும். நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள். துறவி தன் கையால் உழைத்து உண்ண வேண்டும் என்று அவர் விதி செய்தார். மதுவைப் பற்றியும் ஒரு விதி உண்டு. மது துறவிகளுக்கு உகந்ததல்லதான்; ஆனாலும் இந்தக் காலத்துத் துறவிகளை அப்படி நம்பச் செய்ய முடியாததால், அளவோடாவது குடிக்கட்டும் என்று ஒரு நாளைய அளவை நிர்ணயித்தார். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே மனிதனை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தவர்! திராட்சை விளையாத வடதேசங்களில் அந்த மதுவின் இடத்தைப் பீர் பிடித்துக்கொண்டது.

இந்த விதி காலப்போக்கில் தளர்ந்தபோதெல்லாம் யாராவது ஒருவர் அதை இறுக்கிக் கட்டினார். 1098-ல் பிரெஞ்சு நாட்டு ஸீத்தோவில் ஒரு கூட்டம் புறப்பட்டது, அவர்கள் ஸிஸ்டர்ஸியன்கள். அவர்களும் தளர்ந்தார்கள். 1664-ல் நார்மண்டியில் லா டிராப் என்னும் மடத்தை ஆர்மண்ட் ழான் தெ ரான்ஸே சீர்திருத்தினார். இந்த ரான்ஸே ஒரு நாவலாசிரியனை உறங்கவிடாத பாத்திரம். கார்டினல் ரிஷெல்யூவின் ஞானப்பிள்ளை. சிறு வயதிலேயே மடங்களின் வருமானம் கைக்கு வந்து, பாரிஸில் உல்லாசமாக வாழ்ந்தவர். 1657-ல் அவர் நேசித்த மோன்பஸோன் சீமாட்டி இறந்தாள். அவர் ஓடிவந்து பார்த்தபோது, சவப்பெட்டி குட்டையாக இருந்ததால் அவளுடைய தலையை வெட்டித் தனியே வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்பத்தக்கதல்ல. ஆனால் அந்த மரணத்துக்குப் பிறகு அவர் ஆள் மாறியது நிஜம். சொத்தை விட்டார், லா டிராப் மடத்தில் போய் உட்கார்ந்தார், மௌனமும் உடலுழைப்பும் கடும் விரதமுமாக மடத்தை நடத்தினார். டிராப்பிஸ்ட் என்ற பெயர் அந்த ஊரால் வந்தது. வாய் திறக்காமல் கை ஜாடையால் பேசும் ஒரு பாஷையே ஸிஸ்டர்ஸியன் மடங்களில் நூற்றாண்டுகளாக வழங்கி வந்தது.

பிரெஞ்சுப் புரட்சி மடங்களைக் கலைத்தது. 1791-ல் ஒரு சிறு கூட்டம் ஸ்விட்ஸர்லாந்துக்குத் தப்பியது. அங்கிருந்து கனடாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட சிலர், 1794-ல் ஆண்ட்வெர்ப் அருகே வெஸ்ட்மால் என்ற இடத்தில் தங்கிவிட்டார்கள். கப்பல் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. வெஸ்ட்மால் துறவிகள் 1836 டிசம்பர் 10-ஆம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கள் சொந்தப் பீரை முதன்முதலாக அருந்தினார்கள். புனித ஸிக்ஸ்டஸ் மடம் 1831-ல் தோன்றி, சில வருஷங்களில் அதுவும் காய்ச்சத் தொடங்கியது. அங்கிருந்து 1850-ல் சில துறவிகள் தெற்கே போய் ஸ்கூர்மோன் மடத்தை நிறுவினார்கள். 1862 முதல் அங்கே காய்ச்சுவதுதான் ஷிமே பீர். இந்த ஸ்கூர்மோன் என்ற பெயரை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் இவை இவ்வளவு பலமுள்ள பீர்கள் அல்ல. பலம் ஏறியதற்கு ஒரு மதுவிலக்குச் சட்டமும் காரணம் என்றால் சிரிப்பீர்கள். 1919-ல் பெல்ஜிய சர்க்கார் பொது மதுக்கடைகளில் சாராய வகைகளை விற்கக் கூடாதென்று தடை போட்டது. குடிமக்கள் பீரிலேயே பலத்தைத் தேடினார்கள். காய்ச்சுபவர்கள் மால்ட்டோடு சர்க்கரைப் பாகையும் சேர்த்தார்கள். ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாக்கியது. 1934-ல் வெஸ்ட்மாலில் பிறந்த பொன்னிற டிரிப்பெல் 9.5 சதவீதம். மடத்துச் சாப்பாட்டு மேஜைக்கு மட்டும் எப்போதும் லேசான பீர்தான். ஓர்வால் மடத்தில் காய்ச்சும் சின்னப் பீர் 3.5 சதவீதம். பலமானது உலகத்துக்கு, லேசானது தமக்கு! இந்த ஒன்றைக் கேட்டதும் அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று. கொஞ்சம் கோபமும் உண்டாயிற்று.

யுத்தங்கள் வந்தன. ஜெர்மானியர் காய்ச்சும் செப்பு அண்டாக்களைக் குண்டு செய்வதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆக்கெல் மடத்து அண்டாக்கள் 1917-ல் போயின. ஈப்பரின் பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்திலிருந்தும், வெஸ்ட்வ்ளேடரன் எதிரியின் கைக்குப் போகாததால் அதன் அண்டாக்கள் பிழைத்தன. இரண்டாம் யுத்தத்துக்குப் பின் ஷிமேயில் தெயோடோர் என்னும் துறவி, லூவேன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ழான் தெ கிளெர்க்கின் துணையோடு தம் பீருக்குரிய ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். அந்தப் பேராசிரியர் இறந்த பிறகு அவரை மடத்திலேயே அடக்கம் செய்தார்கள். வெஸ்ட்வ்ளேடரனுக்குச் சொந்த ஈஸ்ட் இல்லை. வெஸ்ட்மாலிலிருந்து வாங்கி வருகிறார்கள். அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கி வருகிற மாதிரி.

வெஸ்ட்வ்ளேடரன் மடம் 1946-ல் ஒரு காரியம் செய்தது. வியாபாரம் பெருகி ஜபத்துக்கு இடைஞ்சலாகிறதென்று, பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு வெளிவிற்பனைக்கான உரிமையைக் கொடுத்துவிட்டது. தங்களுக்கும், வாசலுக்கு வருகிறவர்களுக்கும் வேண்டிய மட்டும் தாங்கள் காய்ச்சினார்கள். 1992-ல் அந்த உரிமையும் முடிந்தது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் லிட்டர். அதற்கு மேல் இல்லை. வெஸ்ட்மால் இதைப்போல் இருபது மடங்கு காய்ச்சுகிறது.

இப்படி இருக்கும்போதுதான் 2005-ல் இடி விழுந்தது. உலகெங்குமுள்ள பீர் ரஸிகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிப் பார்த்ததில், 12-ஆம் எண் பீர் உலகத்திலேயே சிறந்தது என்று முடிவாயிற்று. வயல் பாதையில் கார்கள் வரிசை கட்டின. டெலிபோன் ஓயாமல் அடித்தது. வேறு எந்த வியாபாரியும் இரவோடு இரவாக இரண்டாவது கொட்டகை போட்டிருப்பான். இவர்கள் ஒரு புட்டிகூட அதிகம் காய்ச்சவில்லை. முன்கூட்டிப் பதிந்துகொள், காரின் எண்ணைச் சொல், வாங்கியதை மறுவிற்பனை செய்யாதே என்றார்கள். ஒரு முறை விதியைத் தளர்த்தினார்கள்: மடத்துக் கட்டடம் பழுதாகித் திரும்பக் கட்ட நேர்ந்தபோது, 2011-ல் பெல்ஜியத்திலும் 2012-ல் வெளிநாடுகளிலும் கடைகள் மூலம் விற்றார்கள். பணம் சேர்ந்தது, உடனே நிறுத்திவிட்டார்கள். 2018-ல் ஒரு டச்சு அங்காடி எப்படியோ புட்டிகளைச் சேர்த்து, ஒன்று ஏறக்குறைய 10 யூரோவுக்கு விற்றபோது துறவிகள் மனம் நொந்துகொண்டார்கள். அப்போது மடத்து விலை 2 யூரோகூட இருக்கவில்லை.

டிராப்பிஸ்ட் என்ற பெயருக்கு 1997 முதல் ஒரு முத்திரை இருக்கிறது. மடத்து எல்லைக்குள் காய்ச்ச வேண்டும். துறவிகளின் மேற்பார்வை வேண்டும். வருமானம் அவர்கள் ஜீவனத்துக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். ஆக்கெலில் கடைசித் துறவிகளும் போய்விட்டதால் 2021-ல் முத்திரை போயிற்று. பீர் அதே பீர்தான். அமெரிக்காவில் ஸ்பென்ஸர் மடம் தொடங்கிய பீர்ச் சாலையை 2022-ல் மூடிவிட்டார்கள். பீருக்கு ஆள் இருக்கிறது. மௌனத்துக்குத்தான் ஆள் கிடைப்பது அருமையாகிறது.

நண்பனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் சொன்னேன். அவன் வீட்டில் வெஸ்ட்மால் டிரிப்பெல்லை ஊற்றினான். பொன் நிறம், வாழைப்பழ வாசனை, முடிவில் நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகிற கசப்பு. சுண்டைக்காய் வற்றலும் பாகற்காயும் தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. 12-ஆம் எண் பீர் முதல் நாலு வாய்க்கு அற்புதம். கிண்ணத்தில் பாதி குறைந்ததும் அந்த இனிப்பு என்னைக் களைக்கச் செய்தது. என் மதிப்பெண் டிரிப்பெல்லுக்கே என்றேன். "உனக்கு ருசி தெரியாது" என்று சொல்லிவிட்டான். இருக்கலாம்.

இனி, காத்திருக்கச் சொன்னவர். ஈப்பரில் பிறந்த பிரான்ஸிஸ் மாஹியூ, பீர் காய்ச்சும் அந்த ஸ்கூர்மோன் மடத்தில்தான் துறவியாக இருந்தார். 1955-ல் இந்தியாவுக்கு வந்து, குளித்தலை அருகே காவிரிக் கரையிலுள்ள சாந்திவனத்தில் சில காலம் தங்கினார். 1958-ல் பீட் கிரிஃபித்ஸ் என்னும் ஆங்கிலேயத் துறவியோடு சேர்ந்து, கேரளத்து வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தை ஸ்தாபித்தார். பீட் கிரிஃபித்ஸ் 1968-ல் சாந்திவனத்துக்கு வந்துவிட்டார். மாஹியூ மலையிலேயே இருந்து, பிரான்ஸிஸ் ஆச்சார்யா என்ற பெயரோடு 2002-ல் காலமானார். 1998-ல் ஆசிரமம் முறைப்படி டிராப்பிஸ்ட் சபையில் சேர்ந்தது. கையால் உழைத்து உண்ண வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு. ஆனால் காய்ச்சும் அண்டா இல்லை. மாட்டுத் தொழுவம் இருக்கிறது. அவர்கள் பால் கறந்து விற்கிறார்கள்.

நான் அங்கே போனபோது காவி உடுத்த ஒரு துறவி டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்தார். பெல்ஜியத்திலிருந்து திரும்பி ரொம்ப நாளாகவில்லை. பழக்க தோஷத்தால் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் சிரித்தார். குடித்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கையால் ஜாடை காட்டினார்.