காப்பெல் கெலின்: நீரில் மூழ்கிய வேல்ஸ் சிற்றூர்

காப்பெல் கெலின், வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், பாலா என்னும் சிறுநகருக்கு அருகே த்ரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த சிற்றூர். இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சி கட்டிய நீர்த்தேக்கத்தில் 1965ஆம் ஆண்டு இவ்வூர் மூழ்கியது. வேல்ஸ் மொழியில் 'காப்பெல்' என்றால் சிறிய தேவாலயம். 'கெலின்' என்பது ஓரங்களில் முள் கொண்ட இலைகளையுடைய ஹாலி மரத்தின் பெயர்.

ஊரும் மரபும்

ஒரு தேவாலயம், அதையொட்டிய கல்லறைத் தோட்டம், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், சுற்றிலும் ஆடு மேய்க்கும் பண்ணைகள். ஊர் என்று சொல்ல இவ்வளவுதான் இருந்தது. ஆனால் இதன் வரலாறு பழையது. 17ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்ந்தனர். ஹாஃபோத் ஃபாதோக் என்ற பண்ணையில் அவர்கள் வழிபாட்டுக்குக் கூடினர். சமய ஒடுக்குமுறைக்கு ஆளான இவ்வட்டாரக் குவேக்கர்கள் பலர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறினர். பின்னர் மெதடிஸ்ட் மரபு இங்கு வேரூன்றியது.

ஊரின் தனித்தன்மை அதன் மொழி. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மக்களில் 28.9 விழுக்காட்டினரே வேல்ஸ் மொழி பேசினர். காப்பெல் கெலினிலோ வீடு, வயல், வழிபாடு, பள்ளி அனைத்திலும் அம்மொழியே வழங்கியது. இத்தகைய ஊர்கள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. திட்டத்தை எதிர்த்தவர்கள் 67 பேர் வாழும் ஓர் ஊருக்காக ஏன் அவ்வளவு போராடினர் என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

நீர்த்தேக்கத் திட்டம்

லிவர்பூல் வேல்ஸில் நீர் தேடியது இது முதன்முறையல்ல. 1880களில் அந்நகருக்காக வெர்னுவி ஏரி உருவாக்கப்பட்டபோது லான்வுதின் என்ற பழைய கிராமம் மூழ்கியது. 1955இல் மாநகராட்சி முதலில் டோலானோக் பள்ளத்தாக்கை நாடியது. அது வேல்ஸ் மொழியின் புகழ்பெற்ற பாடலாசிரியை ஆன் கிரிஃபித்ஸ் வாழ்ந்த பகுதி என்பதால் எதிர்ப்பு எழுந்தது. அதன்பின் த்ரவெரின் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1956 நவம்பர் 21 அன்று காப்பெல் கெலின் மக்கள் குழந்தைகளுடன் லிவர்பூலுக்குச் சென்று தெருக்களில் ஊர்வலமாக நடந்தனர். பயனில்லை. மாநகராட்சி நேரடியாக லண்டன் நாடாளுமன்றத்தில் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. அதனால் வேல்ஸின் உள்ளூர் திட்டமிடல் அமைப்புகளின் ஒப்புதல் தேவைப்படவில்லை. வேல்ஸிலிருந்து தேர்வான 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்காத நிலையிலும் 1957 ஆகஸ்டில் அது சட்டமாயிற்று. லிவர்பூலுக்கு நீர் தேவைப்பட்டது உண்மை. ஆனால் அத்தேவையை யார் நிலத்தில், யாரைக் கேட்டு நிறைவுசெய்வது என்ற கேள்வி அந்த வாக்கெடுப்பில் அப்பட்டமாக வெளிப்பட்டது. 1962, 1963 ஆண்டுகளில் அணை கட்டும் இடத்தில் நாசவேலைகளும் நடந்தன.

மூழ்குதல்

67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். பள்ளி, அஞ்சலகம், தேவாலயம், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும், சுமார் 800 ஏக்கர் நிலமும் நீருக்குள் சென்றன. பாலாவிலிருந்து ஃபெஸ்டினியோக் செல்லும் இரயில் பாதையின் ஒரு பகுதியும் அவற்றோடு போயிற்று.

கல்லறைகளை என்ன செய்வது என்பதே மிகக் கடினமான கேள்வியாக இருந்தது. எட்டு உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டு வேறு இடங்களில் அடக்கம் செய்யப்பட்டன. மற்றவை அங்கேயே விடப்பட்டன. கல்லறைக் கற்களை அகற்றி, நிலத்தின்மேல் சரளையும் காங்கிரீட்டும் இடத் திட்டமிடப்பட்டது. இன்று ஏரிக்கரையில் உள்ள நினைவுத் தேவாலயம் பழைய தேவாலயத்தின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டது.

லின் கெலின் எனப்படும் இந்த ஏரியிலிருந்து லிவர்பூலுக்கு நேரடியாகக் குழாய் போகவில்லை. திறந்துவிடப்படும் நீர் த்ரவெரின் வழியாக டீ ஆற்றில் சேர்கிறது. செஸ்டர் நகருக்கு அருகே அது எடுக்கப்படுகிறது.

பின்விளைவுகள்

1966 ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில் க்வின்ஃபோர் எவன்ஸ் வென்று, வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். த்ரவெரின் போராட்டத்தின் முன்னணித் தலைவர் அவர். 2005 அக்டோபரில் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கோரியது. அதை ஏற்றவர்களும் உண்டு, காலங்கடந்தது என்றவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டு வறட்சியில் நீர்மட்டம் தாழ்ந்தபோது ஊரின் எச்சங்கள் வெளியே தெரிந்தன.

1960களின் தொடக்கத்தில் எழுத்தாளர் மைக் ஸ்டீவன்ஸ், லான்றிஸ்டிட் என்ற ஊருக்கு அருகே இடிந்த வீட்டுச் சுவரொன்றில் 'த்ரவெரினை நினைவில் கொள்ளுங்கள்' என்று வேல்ஸ் மொழியில் எழுதினார். அம்மொழியின் இலக்கணப்படி அந்த இடத்தில் இடப்பெயரின் முதலெழுத்து திரிய வேண்டும். அவர் திரிக்காமல் எழுதிவிட்டார். பின்னால் வண்ணம் பூசியவர்கள் அதைத் திருத்தினர். 2019இல் அச்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் அதை மீண்டும் கட்டினர். அதே வாசகம் அவ்வாண்டில் வேல்ஸ் முழுவதும் பல சுவர்களில் தோன்றியது.