அடகும் மீட்பும்

தை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரு கேள்வி வாசலுக்கு வாசல் நடக்கும். "சங்கிலியை மீட்டாச்சா?" என்று ஒரு மாமி திண்ணையில் இருந்தபடியே கேட்பாள். கேட்கப்பட்டவள் தலைப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நெல் போட்ட பணம் இன்னும் கைக்கு வரலை" என்பாள். மீட்பு என்ற சொல் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். நம்முடைய பொருள் பிறத்தியார் பெட்டியில் கிடக்கிறது. வட்டியும் முதலுமாக எண்ணி வைத்தால் வீடு திரும்புகிறது. அன்று அந்த வீட்டில் பாயசம்.

பிறகு பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வேதபாட வகுப்பில் வாத்தியார் ஏசுநாதரை 'மீட்பர்' என்றார். எனக்கு உடனே எங்கள் தெருவும் அடகுக் கடையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. "யார், யாரை, எங்கே அடகு வைத்தார்கள், ஸார்?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் பாடம் சொல்லியிருக்கிறேன், இந்தக் கேள்வியை இன்றைக்குத்தான் ஒருவன் கேட்டான்" என்றார். பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தப் பதிலை வெகுநாள் கழித்துச் சரித்திரப் புத்தகங்களில் கண்டேன். கிரேக்க தேசத்தில் டெல்பி என்ற ஊர். அங்கே அப்பாலோ தெய்வத்தின் கோயில். அடிமை ஒருவன் காசு காசாகச் சேர்த்துத் தன் விலைக்குச் சமமான பணத்தைக் கொண்டுவந்தால், எஜமான் அவனை அப்பாலோவுக்கு 'விற்று'விடுவார். தெய்வம் வாங்கிவிட்ட ஆளை மனிதர்கள் மறுபடி விலைபேச முடியாது. ஆகவே அவன் சுதந்தரன். விற்றவர் பெயர், விற்கப்பட்டவன் பெயர், விலை, சாட்சிகள் எல்லாவற்றையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகளின் விடுதலைச் சாஸனங்கள் இன்றும் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன. அதே வளைகுடாவின் மறுபுறத்திலிருந்த கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பவுல் நிருபம் எழுதியபோது, இந்தச் சந்தைப் பேச்சையே எடுத்து ஆண்டார். அந்தச் சபையில் அடிமைகளும் இருந்தார்கள். விலை, கிரயம், விடுதலை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை. தமிழில் கத்தோலிக்கர் பெரும்பாலும் 'மீட்பு' என்றும், புராட்டஸ்டண்டுகள் 'இரட்சிப்பு' என்றும் சொல்லுவார்கள். பாளையங்கோட்டைக் கிருஷ்ண பிள்ளை தம் காவியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர் வைத்தது இரண்டாவது வழக்கைப் பின்பற்றித்தான். எனக்கென்னவோ முதல் சொல்லில்தான் சந்தையின் வாசனை இன்னும் போகாமல் இருக்கிறது.

இவ்வளவும் எதற்குச் சொல்லுகிறேன் என்றால், மனிதர்களைச் சந்தையில் வாங்கி விற்ற ஒருவன் தன்னைக் கடவுள் மீட்டுவிட்டார் என்று நம்பினால் அவனுடைய மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகத்தான். இது கற்பனை அல்ல. அப்படி ஒருவன் இருந்தான். நாள்தோறும் எழுதியும் வைத்தான். ஜான் நியூட்டன் என்று பெயர்.

1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தவன். தகப்பனார் கப்பல் தலைவர். பக்தி மிகுந்த தாயார், பையனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் காசநோயில் போய்விட்டாள். பதினோராவது வயதில் கடலுக்குப் போனான். வாலிபத்தில் அவனைக் கட்டாயமாகக் கடற்படையில் பிடித்துப் போட்டார்கள். ஓடிப்போய் அகப்பட்டுச் சவுக்கடி பட்டான். பின்பு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், ஸியரா லியோனை அடுத்த ஒரு தீவில், அடிமை வியாபாரி ஒருவனிடம் வேலைக்கு அமர்ந்தான். வியாபாரியின் ஆப்பிரிக்க மனைவிக்கு இவனைப் பிடிக்கவில்லை. ஜுரத்தில் கிடந்தவனுக்குத் தண்ணீர்கூடச் சரியாகக் கிடைக்காமல், கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்ற நாட்கள் உண்டு. அந்த நிலையிலும் கையில் இருந்த ஒரே புத்தகமான யூக்ளிட்டின் க்ஷேத்திர கணிதத்தை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் குச்சியால் முக்கோணம் போட்டுப் பார்த்தானாம். இந்த ஒரு விவரத்துக்காகவே எனக்கு அவன்மேல் ஒரு பிரியம்.

மீட்டுக்கொண்டு போக ஒரு கப்பல் வந்தது. 1748 மார்ச் 21-ந் தேதி இரவு (இங்கிலாந்தில் அப்போது வழங்கிய பழைய பஞ்சாங்கப்படி 10-ந் தேதி) அட்லாண்டிக்கில் அடித்த புயலில் கப்பலின் ஒரு பக்கம் பிளந்துகொண்டது. மேல்தளத்துக்கு ஏறப் போனவனைக் கப்பல் தலைவர் கத்தி எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவனுக்குப் பதிலாக ஏறியவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. சரக்கில் தேன்மெழுகும் லேசான மரமும் இருந்ததால் கப்பல் மூழ்கவில்லை. விடிவதற்கு முன்பிருந்து நடுப்பகல்வரை நீர் இறைத்தான். வாயைத் திறந்தால் வசை மொழியே வரும் அந்த வாலிபனின் வாயில், தன்னை அறியாமல் கடவுளின் இரக்கத்தைக் கேட்கும் வார்த்தை வந்துவிட்டது. நான்கு வாரம் தத்தளித்து அயர்லாந்துக் கரை சேர்ந்தபோது அவன் வேறு ஆளாகிவிட்டதாக உணர்ந்தான்.

இந்த இடத்தில் நாவலாசிரியனாக இருந்தால் முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன். சரித்திரம் அவ்வளவு சுலபமாக விடுகிறதா? மீட்கப்பட்ட நியூட்டன் அதே வருஷம் அடிமைக் கப்பலில் துணை மாலுமியாகப் புறப்பட்டான். 1750-ல் தன் காதலி மேரியை மணந்தான். அதே ஆண்டு அடிமைக் கப்பலின் தலைவனானான். 1754 வரை மூன்று பயணங்கள்.

அவனுடைய மாறுதல் பொய் என்று எண்ண வேண்டாம். வசை மொழி நின்றே போய்விட்டது. கடலிலேயே லத்தீன் கற்றான். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலுமிகளைக் கூட்டிவைத்து ஆராதனை நடத்தினான். மனைவிக்கு நீண்ட கடிதங்கள் எழுதினான். இன்றைக்குப் படித்தாலும் மனம் உருகும். தினம் எத்தனை மணி நேரம் ஜெபத்துக்கு, எத்தனை மணி நேரம் படிப்புக்கு என்று கணக்கு வைத்திருந்தான். கணக்கு வைக்கிற சுபாவம். அந்தச் சுபாவம் கப்பல் நாட்குறிப்பிலும் தெரிகிறது. இன்ன தேதியில் இத்தனை அடிமைகள் வாங்கியது, இன்ன விலை. இன்ன தேதியில் ஓர் ஆண் அடிமையைக் கடலில் இறக்கியது. அவனுடைய எண் இன்னது. பெயர் கிடையாது, எண்தான். 1752 டிசம்பரில், அடிமைகள் கலகத்துக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தபோது, சில சிறுவர்களின் பெருவிரலைத் திருகு கருவியில் வைத்து நெரித்து உண்மையை வரவழைத்ததாகவும் எழுதியிருக்கிறான். பலகைத் தளத்துக்கு மேலே ஜெபம்; பலகைக்குக் கீழே சங்கிலி. நடுவில் ஒன்றிரண்டு அங்குல மரம்.

அவன் அயோக்கியன் என்று சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் அயோக்கியன் தன் நாட்குறிப்பை இவ்வளவு ஒழுங்காக எழுதமாட்டான். அந்தத் தொழில் தப்பு என்று அப்போது தமக்குத் தோன்றவே இல்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். லிவர்பூல் நகரத்தில் மதிப்பான தொழில் அது. சிறைக் காவலன்போல் இருக்கிறோமே என்ற அருவருப்பு மட்டும் இருந்தது. இதைவிட இரக்கமான பிழைப்பைக் கொடு என்று கடவுளை வேண்டிக்கொண்டானாம். கடைசிப் பயணத்தில் மாலுமிகளிலோ அடிமைகளிலோ ஒருவரும் சாகவில்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்தினான். அந்த நன்றியும் உண்மையானதுதான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

தொழிலை விட்டதும் மனச்சாட்சியால் அல்ல. 1754 நவம்பரில், அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மனைவியுடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து சாய்ந்தான். வைத்தியர்கள் கடல் வேண்டாம் என்றார்கள். லிவர்பூலில் சுங்க உத்தியோகம் கிடைத்தது. அங்கேயே ஹீப்ருவும் கிரேக்கமும் படித்து, பல தடவை மறுக்கப்பட்டு, 1764-ல் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்ற சிற்றூருக்குப் போதகராகப் போனான்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலேயர்கள் ஒரே பிரதிப் பெயரை வைத்துக்கொண்டு தப்பித்துவிடுகிறார்கள். நானோ எந்த வருஷத்திலிருந்து இவனை 'அவர்' என்று எழுதுவது? புயல் அடித்த 1748-லிருந்தா? கப்பல் நாட்குறிப்பைப் படித்த பிறகு கை வரவில்லை. பட்டம் பெற்ற நாளிலிருந்தா? பட்டத்தைப் பார்த்து மரியாதை கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஓல்னியில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லும்போது 'அவன்' என்று எழுதவும் முடியவில்லை.

ஓல்னி, வறுமையில் லேஸ் பின்னிப் பிழைத்தவர்களின் ஊர். அங்கே 1767-ல் வில்லியம் கூப்பர் என்ற கவி வந்து குடியேறினார். நியூட்டனும் அவரும் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆனார்கள். 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக நியூட்டன் எழுதிய பாட்டுதான் உலகம் முழுவதும் பாடுகிற 'அமேஸிங் கிரேஸ்'. புயலுக்கு நடுவே எழுதியது என்று கதை கட்டுவார்கள். புயலுக்கும் பாட்டுக்கும் ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம். அந்த ஜனவரியிலேயே கூப்பருக்குச் சித்தம் கலங்கியது. மீட்பு எல்லோருக்கும் உண்டு, தமக்கு மட்டும் இல்லை என்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது. தற்கொலைக்கும் முயன்றார். ஏப்ரலில் நியூட்டனின் வீட்டுக்கு வந்தவர் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். உபதேசம் அந்த மனிதரிடம் எடுபடாது என்று நியூட்டனுக்கு விளங்கிவிட்டது. சோறு போட்டார், கூட நடந்தார், இரவில் காவல் இருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் யாரும் செய்வார்கள். ஒரு வருஷம், அதுவும் நன்றி சொல்லக்கூட நினைவில்லாத ஒருவருக்கு! கூப்பர் கடைசிவரை அந்த நம்பிக்கையின்மையிலிருந்து மீளவில்லை. ஆனால் உயிரோடு இருந்தார். பல நல்ல கவிதைகளை அதற்குப் பிறகுதான் எழுதினார்.

பின்பு லண்டன். 1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் பார்லிமெண்டு அங்கத்தினர் யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். அரசியலை உதறிவிட்டுக் கடவுள் பணிக்கு வந்துவிடட்டுமா என்பது கேள்வி. இருக்கிற இடத்திலேயே இரும் என்பது நியூட்டன் சொன்ன யோசனை. 1788-ல், கடலை விட்டு முப்பத்துநான்கு வருஷம் கழித்து, நியூட்டன் தம் வாயைத் திறந்தார். அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். இந்த ஒப்புதல் மிகத் தாமதமாக வருகிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அடித்தளத்தில் மனிதர்களை அடுக்கும் விதம், விலங்குகளின் எடை, பெண்களுக்கு நேர்ந்த கதி எல்லாவற்றையும் எழுதினார். படகில் அழுத குழந்தையை ஒரு மாலுமி கடலில் வீசிய கதையையும், தாம் கேட்டபடியே எழுதினார். அரசாங்க விசாரணையிலும் நின்று சாட்சி சொன்னார். இந்தத் தொழிலைச் செய்தவர்களிலே சாட்சிக் கூண்டுக்குத் தாமாக வந்தவர்கள் மிகச் சிலர்.

அவர் கைபட்டவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்கும் வந்தார். கிளாடியஸ் பியூகானன் என்ற திசைதெரியாத வாலிபர், நியூட்டனின் பிரசங்கம் கேட்டு மாறி, கேம்பிரிட்ஜில் படித்து, கல்கத்தாவில் குருவானார். 1806-ல் தெற்கே பிரயாணம் செய்து தஞ்சாவூரில் சரபோஜி மன்னரைக் கண்டு, அதைப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறார். நியூட்டனின் மேஜையில் எழுதிய கடிதங்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒவ்வொரு வருஷமும் மார்ச் 21-ந் தேதியை நியூட்டன் தனிமையில் கழிப்பார். கை நடுங்கி, கண் பார்வை போன நாளிலும் விடவில்லை. அவருடைய நாட்குறிப்பின் கடைசிப் பதிவு 1805 மார்ச் 21. பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்தைத் தடுத்த சட்டம் 1807 மார்ச் 25-ந் தேதி அரசரின் சம்மதம் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, எண்பத்திரண்டாவது வயதில், அவர் காலமானார். அடிமைத்தனமே ஒழிய, 1833-ம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது.

தம் கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். ஒரு காலத்தில் நாஸ்திகன், ஒழுக்கம் கெட்டவன் என்றெல்லாம் தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளுகிறார். ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாக இருந்ததையும் சொல்லுகிறார். அது அந்தத் தீவில் பட்ட கஷ்டம். தாம் அடிமைகளை விற்றதைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு வார்த்தை இல்லை. புத்தகத்தில் சொல்லிவிட்டோமே என்று விட்டாரோ, கல்லில் பார்க்க மனம் துணியவில்லையோ? பல தடவை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

லண்டன் மாதா கோயிலின் அடியில் சுரங்க ரயில் நிலையம் அமைக்க நேர்ந்தபோது, 1893-ல் அவர் எலும்புகளையும் மேரியின் எலும்புகளையும் ஓல்னிக்கு எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். கப்பல் நாட்குறிப்பு 1962-ல் அச்சாயிற்று. கையெழுத்துப் பிரதி கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சிச் சாலையில் இருக்கிறது. டெல்பிக் கல்லில் பெயர்கள் இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? இந்தக் காகிதத்தில் திடமான, அழகான கையெழுத்தில், தேதிக்குப் பக்கத்தில், எண்கள் இருக்கின்றன.