மைசூரில் தபாலில் வந்த வகுப்பறை

மைசூரின் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் வேலை பார்ப்பவருக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் இரண்டே வேளைதான். காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம், இரவில் அதை இறக்கிய பிறகு கொஞ்சம். உழைத்துக் களைத்த உடம்பு, பாதி மறந்துபோன பள்ளிப் பாடம், வீட்டில் காத்திருக்கும் வேலை என்று எல்லாமே அந்த நேரத்துக்குள் முட்டிமோதும். இன்று அதே ஆளின் செல்போனில் ஆன்லைன் படிப்புகள் வந்து குவிகின்றன. இவற்றில் எது நல்ல படிப்பு? இந்த ஊர் இன்டர்நெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1930களில் அதன் பேராசிரியர்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்து, பொதுமக்களிடம் கன்னடத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சுகள் சின்னச் சின்னப் புத்தகங்களாகவும் அச்சாயின. 1935இல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, ஒண்டிகொப்பலில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அதன் டிரான்ஸ்மிட்டரின் சக்தி 30 வாட். வீட்டுக் கூடத்தில் எரியும் 40 வாட் குண்டு பல்புக்குக்கூட அதைவிட அதிகச் சக்தி உண்டு! அந்த நிலையத்துக்கு வைத்த 'ஆகாசவாணி' என்ற பெயர்தான் பின்னாளில் நாடு முழுவதற்கும் ஆனது. கன்னடக் கவிஞர் குவெம்பு போன்றவர்களின் குரல் வீடு தேடி வந்தது. ஆனால் கேட்பவருக்குச் சந்தேகம் வந்தால் வானொலிப் பெட்டியிடம் கேட்க முடியாது.

அடுத்த பத்தாண்டில், வயதுவந்தோருக்கு எழுத்தறிவிக்க மைசூர் சமஸ்தானத்தில் ஒரு குழு அமைந்தது. கற்றதை எழுதிப் பார்க்கவும் வாசிக்கவும் வழியில்லை என்றால் சில மாதங்களில் எழுத்து மறந்துபோகும். அதனால் புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கென்றே 'பெளகு' என்ற வார இதழைக் குழு நடத்தியது. 1947இல் நஞ்சன்கூட்டில் ஒரு வித்யாபீடமும் எழுந்தது. டென்மார்க்கில் 1844 முதல் குடியானவர் பிள்ளைகளுக்காக நடந்துவந்த மக்கள் பள்ளிகள்தான் அதற்கு முன்மாதிரி. இளைஞர்கள் அங்கேயே தங்கி, விவசாயமும் கைத்தொழிலும் கூட்டுறவும் கற்றார்கள். வளர்ந்தவருக்குப் பாடம் அவர் பிழைப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற தெளிவு அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. இந்த நீண்ட கதையில் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான்.

பிறகு வந்தது தபால். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அஞ்சல்வழிக் கல்வியை மைசூர் 1969இல் கைக்கொண்டது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலை 1979இலும் அதே வழிக்கு வந்தன. 'கரஸ்லே பி.ஏ. பண்றேன்' என்று சொன்ன ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். பழுப்பு உறையில் பாடக் கட்டு வரும். இரவில் விளக்கடியில் விடை எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். அந்தத் தாள் திரும்பி வரும்போது ஓரத்தில் சிவப்பு மையில், 'இந்த இடத்தில் காரணம் சொல்லவில்லையே' என்று ஒரு வரி இருந்தால் போதும். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் எழுத்தைப் படித்திருக்கிறார் என்ற தெம்பில் அடுத்த கட்டைப் பிரிப்பார் மாணவர். தாள் திரும்பாமலே போனால், மூன்றாவது பாடத்தோடு அந்தக் கட்டு பரணுக்குப் போய்விடும். விடுமுறையில் நடக்கும் கான்டாக்ட் கிளாஸுக்கு ஜனங்கள் பஸ் ஏறிப் போனதும் இதற்காகத்தான். ஆசிரியரை ஒருமுறை நேரில் கேட்டுவிடலாம் அல்லவா!

1996இல் மைசூரின் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வளர்ச்சி எல்லை தாண்டியதும் சிக்கல் வந்தது. மாநிலத்துக்கு வெளியே தனியார் நிறுவனங்கள் மூலம் படிப்புகள் நடத்தியதைக் காட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. 2018இல்தான் அது திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தவர்கள் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் படித்த பெரியவர்கள். இருபது வயதுப் பையனுக்கு மூன்று வருடம் வீணானால் மீட்டுவிடலாம். நாற்பது வயதில் இரவுத் தூக்கத்தை விற்றுப் படித்தவருக்கு அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

தபால் கட்டு பாதியில் பரணுக்குப் போன கதைதான் ஆன்லைனிலும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இலவச இணையப் படிப்புகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் மட்டும் 46 சதவீதம் பேர் கரை சேர்ந்தார்கள். வீடியோ எல்லோருக்கும் ஒன்றுதான். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாதியில் விட்டுப்போவதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்கிறது. வாராவாரம் கெடு வைத்த வீட்டுப்பாடம் உண்டு, கேள்வி கேட்க இடம் உண்டு, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தபால் காலத்து ஏற்பாட்டின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது.

சயாஜிராவ் சாலைக் கடை ஒன்றில் நின்றபடி இன்று ஏதாவது படிப்பில் சேர நினைப்பவர், பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயங்களை விசாரிக்கலாம். எழுதிய விடையைத் திருத்தப்போவது யார், எத்தனை நாளில் அது திரும்பி வரும், பட்டப் படிப்பு என்றால் மானியக் குழுவின் இந்த ஆண்டுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா?